ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஆள் ஏன் உள்ளே? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "ஜாமீன் கிடைக்குமா?" என்றுதான். ஊட்டியோ குன்னூரோ கோத்தகிரியோ கூடலூரோ பந்தலூரோ, சாதாரண வழக்கென்றால் அந்த உத்தரவு இன்றோ நாளையோ பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்புறம்தான் கூத்து ஆரம்பம். ஜாமீன்தாரர் எங்கே, அவர் பெயரில் என்ன இருக்கிறது, சால்வன்சி (சொத்து மதிப்புக்குத் தாசில்தார் தரும் சான்றிதழ்) எங்கே என்று கேட்பார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவரிடமும், பட்டா இல்லாத கூடலூர் நிலத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவரிடமும் இதைக் கேட்டால் அவர் எங்கே போவார்? அதனால் இங்கே அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதியிருக்கிறோம்.

பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி தரப்பட்டுள்ளன. வக்கீல்கள் பலர் இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்ட எண்ணைத்தான் வாயில் சொல்வார்கள் என்பதால், தேவைப்படும் இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

தம்பியை ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். முதலில் என்ன செய்வது?

என்ன பிரிவில் வழக்கு என்று கேளுங்கள். மற்ற எல்லாம் அதை வைத்துத்தான். கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் தரவும் போலீஸ் கடமைப்பட்டது. கைது செய்தவரை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. இணைப்பு சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை தளர்வு உண்டு. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளை ஏற்ற மாட்டார்கள்.

இன்னொன்று. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்தே ஆக வேண்டும் என்றில்லை. விசாரணைக்கு வரச் சொல்லி 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுக்கலாம். பழைய 41-ஏ நோட்டீஸ்தான் இது. காரணம் எழுதாமல் இயந்திரம்போலக் கைது செய்யக்கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. நோட்டீஸ் வந்தால் போய் நில்லுங்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

ஸ்டேஷன் ஜாமீன் என்கிறார்களே, அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால், ஜாமீன் தரத் தயாராக இருப்பவரை விட்டாக வேண்டும். 478-ஆம் பிரிவு அதை உரிமையாகவே தருகிறது. இன்ஸ்பெக்டர் மனது வைத்துச் செய்யும் உதவி இல்லை.

மலைப்பாதையில் அடிக்கடி பார்ப்பது விபத்து வழக்கு. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் வண்டி உருண்டு ஒருவர் இறந்துவிட்டால், கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இல் வழக்குப் போடுவார்கள். தண்டனை ஐந்தாண்டு வரை இருந்தாலும் அது ஜாமீனில் விடத்தக்க பிரிவுதான். டிரைவர் குடித்திருந்தார் என்றால் கடுமையான வேறு பிரிவு சேரலாம். அப்போது நிலைமை மாறும்.

ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழை என்றால், சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்தில் ஜாமீன் தர முடியவில்லை என்றால் அவரை ஏழை என்றே கருத வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

பேப்பரில் "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு" என்று போட்டுவிட்டார்கள். வரவே முடியாதா?

முடியும். பத்திரிகைக்காரர்கள் எழுதுவதைப் பார்த்துப் பாதிப் பேர் மனம் உடைந்துவிடுகிறார்கள். ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்தான் முடிவு செய்யும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

முதலில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. கொலை போல மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ உள்ள வழக்கென்றால் மாஜிஸ்திரேட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது, செஷன்ஸுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் தள்ளுபடி ஆனால் உயர் நீதிமன்றம். நீலகிரி மாவட்டத்துக்கு அது சென்னை. கொடைக்கானல்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போவார்கள். ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, குற்றம் எவ்வளவு கடுமை, பழைய வழக்கு உண்டா என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். பெண்கள், சிறார், நோயாளிகள் என்றால் கூடுதல் கரிசனம் காட்ட சட்டத்தில் இடமுண்டு.

முன்ஜாமீன் யாருக்கு?

கைதாவோம் என்ற நியாயமான பயம் இருப்பவருக்கு. செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ 482-ஆம் பிரிவில் கேட்கலாம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் முன்ஜாமீன் கேட்க அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தடை போடுகிறது. முன்ஜாமீன் வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இத்தனை நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி ஜாமீன்தாரர் தர வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கும். அந்தக் கெடு தாண்டினால் உத்தரவு காலாவதி.

"தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்" என்று உத்தரவில் இருக்கிறது. 20,000 ரூபாயை எங்கே கட்டுவது?

எங்கேயும் கட்ட வேண்டாம். அது உறுதிமொழித் தொகை. "இவர் வாய்தாவுக்கு வராவிட்டால் நான் இவ்வளவு தருகிறேன்" என்று இரண்டு பேர் எழுதிக் கொடுப்பது. உள்ளே இருப்பவரும் தன் பங்குக்கு ஒரு பிணைப்பத்திரம் எழுதுவார். இதைப் புரிந்துகொள்ளாமல் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காலையிலேயே கோர்ட் வாசலுக்கு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

உயர் நீதிமன்ற உத்தரவுகளில் ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக் நகல் தர வேண்டும் என்று வழக்கமாக இருக்கும். இதற்கு முன் யார் யாருக்கெல்லாம் ஜாமீன் போட்டிருக்கிறோம் என்பதையும் ஜாமீன்தாரர் சொல்லியாக வேண்டும். அது 486-ஆம் பிரிவு. மறைத்தால் பின்னால் அவருக்கே வினை.

எங்களுக்குப் பட்டாவே கிடையாது. சால்வன்சி சான்றிதழுக்கு எங்கே போவது?

மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் உண்மையான கேள்வி. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் ஜமீன் போன்ற பழைய ஜென்ம நிலங்களை ரயத்துவாரியாக, அதாவது அரசிடமிருந்து நேரடியாகப் பட்டா பெறும் முறைக்கு, மாற்ற 1969-இல் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலங்கள் சம்பந்தமான சிக்கல் இன்றும் தீராமல், ஏராளமான குடும்பங்கள் பட்டா இல்லாமலே இருக்கின்றன. அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்திலும் தனியார் எஸ்டேட்டிலும் லைன் வீடு நிர்வாகத்துடையது. வன உரிமைச் சட்டத்தில் பழங்குடிகளுக்குக் கிடைத்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. இத்தனை பேரையும் ஒரே தாசில்தார் சான்றிதழைக் காட்டி வடிகட்டினால் மிஞ்சுவது யார்?

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஜாமீன்தாரர் தகுதியானவரா என்று தெரிந்துகொள்ள கோர்ட் பிரமாணப் பத்திரத்தை ஏற்கலாம், தேவைப்பட்டால் விசாரிக்கலாம் என்றுதான் 485-ஆம் பிரிவில் இருக்கிறது. நிலம் இருந்தே ஆக வேண்டும் என்றோ, சால்வன்சி இல்லாமல் முடியாது என்றோ அதில் இல்லை. சால்வன்சி கேட்பது கோர்ட்டுகளில் வந்த பழக்கம். பழக்கம் என்பதால் கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும்.

ஆகவே கையில் இருப்பதை எல்லாம் எடுத்து வையுங்கள். எஸ்டேட் சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம், வீட்டு வரி ரசீது, ஆட்டோவோ ஜீப்போ இருந்தால் ஆர்.சி. புத்தகம், பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு. இவற்றைக் குறிப்பிட்டு ஜாமீன்தாரர் பெயரில் பிரமாணப் பத்திரம் தயாரித்து, இதை ஏற்க வேண்டும் என்று வக்கீல் மூலம் கேளுங்கள். வாயால் கேட்டு மறுத்தால் மறுத்ததுதான், கையில் ஒன்றும் இருக்காது. மனுவாகப் போட்டு மறுத்தால் அந்த உத்தரவை வைத்து மேல்கோர்ட்டுக்குப் போகலாம். தொகை அதிகம் என்றால் குறைக்கச் சொல்லி 484-ஆம் பிரிவில் செஷன்ஸிலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்கலாம். தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்பது அந்தப் பிரிவிலேயே உள்ள வாசகம்.

என் மாமா வயநாட்டில் இருக்கிறார். அவர் ஜாமீன் போட்டால் "உள்ளூர் ஆள் வேண்டும்" என்கிறார்களே?

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் காலங்காலமாக நடக்கிறது. ரத்த சொந்தம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதில் என்ன அதிசயம்?

1978-இல் மோதிராம் வழக்கு என்று ஒன்று. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனார். மாஜிஸ்திரேட் அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்பதற்காக ஜாமீன்தாரரை ஒதுக்குவது தவறு என்று சொல்லி, அந்தக் கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும் 'உள்ளூர் ஆள்' என்ற பேச்சு போகவில்லை. உள்ளூர் ஜாமீன்தாரர் நிபந்தனையை விதிக்க வேண்டாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி அறிவுறுத்த வேண்டியிருந்தது. உங்கள் வக்கீலிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பல வழக்குகளில் தனித்தனியாக ஜாமீன்தாரர் தேட வேண்டியிருப்பவருக்கும் வழி உண்டு. ஒரே ஜாமீன்தாரர்கள் பல வழக்குகளுக்கும் போதும் என்று 2024 ஆகஸ்டில் கிரிஷ் காந்தி வழக்கில் அனுமதித்தார்கள்.

உத்தரவு வந்து ஒரு மாதம் ஆகிறது. யாருமே கிடைக்கவில்லை. அவ்வளவுதானா?

இல்லை. அதே 2023 அறிவுறுத்தலின்படி, ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியவில்லை என்றால் நிபந்தனையை மாற்றவோ தளர்த்தவோ வேண்டுமா என்று கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றி ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கேட்பது நல்லது. காகிதம் தானாக நகராது.

ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-இல் மத்திய உள்துறை கொண்டுவந்த திட்டத்தில், ஜாமீன் தொகைக்காக ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தர வழி செய்தார்கள். மாவட்ட அளவிலான குழு முடிவு செய்யும். போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்புச் சட்டம், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு இது கிடையாது.

ஆள் இல்லை, பணம் இருக்கிறது என்ற நிலையும் வரும். பெங்களூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்து வழக்கில் மாட்டியவருக்கு ஊட்டியில் யாரைத் தெரியும்? பத்திரத்துக்குப் பதிலாக ரொக்கம் கட்ட 490-ஆம் பிரிவில் அனுமதி கேட்கலாம். அனுமதிப்பது நீதிபதியின் விருப்பம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கோர்ட் வாசலில் ஒருவர் "ஐயாயிரம் கொடுங்க, ஆள் ரெடி" என்கிறார். அமெரிக்காவில் இதையே கம்பெனி வைத்துச் செய்கிறார்களாமே?

அங்கே பல மாநிலங்களில் உரிமம் பெற்ற முகவர்கள் உண்டு. ஜாமீன் தொகையில் பெரும்பாலும் பத்து சதவீதத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு மீதிக்கு அவர்கள் பொறுப்பேற்பார்கள். கட்டணம் திரும்ப வராது. இந்தியாவில் அப்படி ஒரு தொழில் கிடையாது. ஜாமீன்தாரருக்கு வரும் நஷ்டத்தை நான் ஈடு செய்கிறேன் என்று எழுதும் ஒப்பந்தம்கூடப் பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்று நம் கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன.

வாசலில் நிற்கும் அந்த ஆசாமி கொண்டுவருவது பெரும்பாலும் போலி வரி ரசீதும், உங்களை முன்பின் பார்த்திராத ஒருவரும்தான். பிடிபட்டால் மோசடி, போலி ஆவணம் என்று புதிய வழக்கு வரும். கிடைத்த ஜாமீனும் போகும். தள்ளியே நில்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் ஜாமீன் போடலாமா? என் தலையில் என்ன விழும்?

அவன் ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தால் ஒன்றும் இல்லை. ஓடிப்போனால், பத்திரத்தில் எழுதிய தொகையை ஏன் கட்டக்கூடாது என்று உங்களுக்கு நோட்டீஸ் வரும். போய்க் காரணம் சொல்லலாம், கோர்ட் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்யலாம். கட்டாவிட்டால் அபராதத்தை வசூலிப்பதுபோல வசூலிப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறை. அவன் செய்த குற்றத்துக்கு நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள், அந்தப் பயம் வேண்டாம்.

பையன் போக்கு சரியில்லை என்று தெரிந்தால் நடுவிலேயே விலகலாம். 489-ஆம் பிரிவில் மனுப் போட்டால் அவனை வரவழைத்து வேறு ஆள் கொண்டுவரச் சொல்வார்கள். கொண்டுவராவிட்டால் உள்ளே போவான். பெற்றவர்கள் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது என்று தயங்குகிறவர்கள், ஜாமீன் போடும் முன்பே யோசிப்பது மேல்.

மதியமே பத்திரம் எழுதியாயிற்று. ராத்திரி ஆகியும் விடவில்லையே?

கோர்ட்டிலிருந்து விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். கூடலூர், குன்னூர் கிளைச் சிறை என்றால் பக்கம். கோவை மத்திய சிறை என்றால் மலை இறங்க வேண்டும். சாயங்காலம் கைதிகளை அடைத்த பிறகு போனால் மறுநாள்தான். உத்தரவின் நகலை மின்னஞ்சலில் சூப்பிரண்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுப்பியாயிற்றா என்று கோர்ட் அலுவலகத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். வேறு வழக்கில் வாரண்ட் நிலுவையில் இருந்தால் இந்த உத்தரவு மட்டும் போதாது.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை. தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை.

பத்தரை மணிக்குக் கையெழுத்து என்றால் அன்றைய கூலி போச்சு. ஓவேலியிலிருந்தோ மசினகுடியிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவருக்கு இது தண்டனைக்கு முன்பே தண்டனை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஜாமீன் ரத்தாகும். சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, நிபந்தனை விதித்த கோர்ட்டிலேயே தளர்த்தக் கேளுங்கள். சம்பளச் சீட்டையும் பஸ் நேரத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். வாரம் ஒரு நாள் என்று மாற்றுவதும், ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாற்றுவதும் சகஜம். ஒவ்வொரு முறையும் தேதியோடு உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மண் சரிந்து ரோடு அடைபட்டு வாய்தாவுக்குப் போக முடியவில்லை. வாரண்ட் போட்டுவிடுவார்களா?

வக்கீலுக்கு அன்று காலையே போன் செய்யுங்கள். அன்றைக்கு மட்டும் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு அவர் 355-ஆம் பிரிவில் மனுப் போடுவார். "317 பெட்டிஷன்" என்று வராந்தாவில் சொல்வது இதைத்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்த மாதிரி மழையை நீதிபதியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு நீங்கள் வராத ஆள், அவ்வளவே.

வாரண்ட் போட்டுவிட்டார்கள் என்றால் ஒளியாமல் அடுத்த நாளே ஆஜராகி ரீகால், அதாவது வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேளுங்கள். வேண்டுமென்றே வராமல் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 269-இன்படி தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. வெளியூரிலிருந்து சொந்தக் காரில் வாய்தாவுக்கு வருகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

குற்றப்பத்திரிகை போடவே இல்லை. எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ரிமாண்ட் செய்த நாளிலிருந்து 60 நாள். மரணம், ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போய்விடும். நாளை எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இந்த வழியில் வருகிறவர்களுக்கும் ஜாமீன்தாரர் வேண்டும்.

கஞ்சா வழக்கு?

எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவென்றால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு வரும். குற்றம் செய்யவில்லை, வெளியே விட்டாலும் செய்ய மாட்டார் என்று கோர்ட் நம்பக் காரணம் இருந்தால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகைக்கான கெடுவும் 180 நாள். இடைப்பட்ட அளவுக்கு 37-ஆம் பிரிவின் அந்தக் கெடுபிடி இல்லை.

விசாரணை முடியாமலே வருடக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கு?

அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்ச தண்டனையில் பாதி நாள் உள்ளே கழித்திருந்தால் 479-ஆம் பிரிவில் ஜாமீன் கேட்கலாம். முதல்முறை வழக்கு என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும். ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்பது இதில் நல்ல விஷயம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் பொருந்தாது.

ஜாமீன் வந்த அன்றே குண்டாஸ் போட்டுவிட்டார்கள்.

அது வேறு சட்டம், 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டம். ஜாமீன் மனு அங்கே செல்லாது. தடுப்புக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்திடம் முறையிடலாம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை.

காவலில் இருப்பவர், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகாக்களில் வட்டக் குழு. 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். உள்ளே இருப்பவர் சிறையிலிருந்தே மனு எழுதித் தரலாம். இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்ற பேச்சை நம்பி வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வழக்கு முடிந்த பிறகு ஜாமீன்தாரரின் பொறுப்பு தானாகப் போய்விடுமா? கட்டிய ரொக்கம்?

விடுதலை ஆனாலும், மேல்முறையீடு வந்தால் ஆஜராவேன் என்று ஆறு மாதத்துக்கு 481-ஆம் பிரிவில் ஒரு பத்திரம் கேட்பார்கள். அதற்காக மறுபடி ஆள் தேட வேண்டியிருக்கலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரொக்கம் கட்டியிருந்தால் தீர்ப்பு நகலையும் ரசீதையும் வைத்துத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட வேண்டும். ஜாமீன்தாரர் அசல் ஆவணம் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் அதே மனுவில் கேட்டு வாங்கிவிடுங்கள்.